கோட்டுக்குக் கீழே எல்லாம் பூஜ்யம்

என் வீட்டுக்காரருக்குச் சின்ன விஷயம் எதுவும் பிடிக்காது. பற்பசைக் குழாயில் இன்னும் ஒரு வாரத்துக்கு வரும் பசை இருக்கும், தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார். தட்டில் கடைசி வாய் எப்போதும் மிச்சம். நான் ஏதாவது கதை சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே, "சரி, கடைசியில என்ன ஆச்சு, அதைச் சொல்லு" என்பார். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு அரை மாத்திரை, கால் மாத்திரை என்று கணக்குப் பார்க்கிறவள் நான். எனக்கு வாய்த்தவர் இப்படி.

அலுவலகத்தில் அவருக்குப் 'புள்ளி' என்று பெயர். கணினிச் சில்லுகளை வடிவமைக்கும் இடம் அது. எண்களைச் சில்லுக்குள் வைக்கிறதற்கு மிதவைப் புள்ளி என்று ஒரு முறை உண்டாம். எண் ஒரு பக்கம் இருக்கும், புள்ளி எங்கே வர வேண்டும் என்ற குறிப்பு இன்னொரு பக்கம் இருக்கும். புள்ளி அப்படியும் இப்படியும் மிதக்கிறதால் மலையளவு எண்ணையும் தூசியளவு எண்ணையும் ஒரே அளவுப் பெட்டிக்குள் அடக்கிவிடலாம். அந்த எண்களைக் கூட்டிப் பெருக்கி வகுக்கும் பகுதியை வடிவமைப்பதுதான் அவர் வேலை. "பெரும்புள்ளி ஆகணும்னு வந்தேன், மிதக்கிற புள்ளியா நின்னுட்டேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

வெறுமனே வடிவமைப்பது இல்லை, வேகமாகக் கணக்குப் போடுகிற மாதிரி வடிவமைப்பது. குறுக்குவழி என்றால் அவருக்குக் கற்கண்டு. கல்யாணமான புதிதில் ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டிருந்த என்னைப் பிடித்து உட்காரவைத்து, சில்லு எப்படி வகுக்கிறது என்று சொல்லிக்கொடுத்தார். அது வகுக்கவே வகுக்காதாம். ஒரு சின்ன அட்டவணையைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஒரு விடையை எடுத்துக்கொள்ளும். அதைப் பெருக்கிப் பார்த்து, எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறோம் என்று கண்டுபிடித்துத் திருத்தும். மறுபடி ஒரு திருத்தம். அவ்வளவுதான், விடை கையில்.

"முதல்ல தப்பா ஒண்ணு சொல்லிடணும். அப்புறம் திருத்திக்கணும். அதான் வேகம்" என்றார்.

அன்றைக்கு எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. குடும்பம் நடத்திப் பார்த்த பிறகு தெரிந்தது, முதல் பாதியை அவர் வீட்டிலும் கடைப்பிடிக்கிறார், திருத்துகிற பாதி சில்லோடு நின்றுவிடுகிறது என்று.

எங்களோடு அவருடைய அக்கா இருக்கிறார். எனக்கு அண்ணி. பள்ளிக்கூடம் போகிற வயதில் வந்த காய்ச்சல் அவர் காதின் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. அதனால் எங்கள் வீட்டில் 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்ற பழமொழிக்குத் தடை. கீழ் அறையில் அண்ணி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு மாலையில் எடுத்துக்கொண்டு போவார்கள். சுவரை ஒட்டி ஒரு கட்டில், சுருட்டி வைத்த பாய்கள், தாழ்வாரக் கொடியில் வரிசையாகத் துணிகள், மூடி போன டப்பாக்கள், டப்பாவைத் தட்டுகிற கரண்டிகள். அந்த அறையைத் தாண்டிப் போகிற யாரும் ஒரு தரம் எட்டிப் பார்க்காமல் போக மாட்டார்கள். அண்ணி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "எனக்கு எத்தனை பிள்ளைங்க, பாரு. பெத்தவங்களுக்குத்தான் ஒண்ணும் ரெண்டும்" என்பார்.

காதில் ஒரு பழைய கருவி மாட்டியிருப்பார். சேவல் கொண்டை மாதிரி காதுக்குப் பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும், நேரம் காலம் தெரியாமல் விசில் அடிக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை பசிக்கு அழுகிறது, எது தூக்கத்துக்கு அழுகிறது என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொல்வார்.

போன வருஷம் என் வீட்டுக்காரரின் அலுவலகத்துக்கு ஒரு வேலை வந்தது. காதுக் கருவி செய்கிறவர்களுக்குப் புதிதாக ஒரு சில்லு வேண்டும். கருவி காதுக்குள்ளேயே அடங்கிவிட வேண்டும், மின்கலம் பட்டாணி அளவு, அதுவும் நெடுநாள் உழைக்க வேண்டும். அதற்கேற்ப எண்களை வைக்கிற பெட்டியும் சின்னதாகத்தான் இருக்கும். அந்தப் பெட்டியில் ரொம்பச் சிறிய எண்கள் வரும்போது ஒரு தொல்லை. அவை சரியாக அடங்காது. அவற்றுக்கென்று தனிக் கம்பி, தனி நேரம், தனி மின்சாரம் என்று சீராட்ட வேண்டும். இவருக்குச் சின்ன விஷயம் என்றாலே ஆகாதே. ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்குக் கீழே போகிற எண் எதுவாக இருந்தாலும் அது பூஜ்யம். தீர்ந்தது. சில்லு சின்னதாயிற்று, வேகமாயிற்று, மின்கலம் இரண்டு மடங்கு உழைத்தது. உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் செய்கிற தந்திரம்தான் இது என்றார். கோட்டை எங்கே கிழிப்பது என்பதில்தான் சூட்சுமமாம்.

அங்கே ஒரு அம்மா இருக்கிறார். அடுத்தவர் செய்ததில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் அவருக்குச் சம்பளம். சோதனைக்காரம்மா என்றே எல்லோரும் சொல்வார்கள். கூட்டத்தில் அந்த அம்மா எழுந்து கேட்டாராம்.

"சார், சிறு துரும்பும் பல் குத்த உதவும்னு சொல்வாங்க. சின்ன எண்ணையெல்லாம் பூஜ்யமாக்கிட்டா மெல்லிசான சத்தம் போயிடாதா?"

"மைக்குல வர்ற எந்தச் சத்தமும் அவ்வளவு சின்னதா இருக்காதும்மா. எறும்பு நடக்கிறது காதுல விழலன்னு யாரும் புகார் குடுக்கப் போறதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். சோதனைக்காரம்மா, "சரி சார்" என்று உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து இவர் இதை எனக்கு நடித்துக் காட்டினார். எறும்பு நடக்கிற மாதிரி மேஜை மேல் விரலை நடக்கவிட்டு. நானும் சிரித்தேன் என்பதை இங்கே மறைத்து என்ன ஆகப் போகிறது.

அவர் சோதித்துப் பார்க்காமல் இல்லை. கணினியை விட்டுக் குருட்டாம்போக்கில் கோடிக்கணக்கான எண்களைப் பொறுக்கிச் சில்லுக்குக் கொடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக வந்தது. கருவி செய்கிறவர்களும் பீப், பீப் என்று ஒலி எழுப்பிப் பார்த்துத் தலையாட்டிவிட்டார்கள். அலுவலகத்தில் ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். அது எங்கள் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது. முதலில் வந்த கருவிகளில் ஒன்றை அண்ணிக்கே கொண்டுவந்தார்.

அன்றைக்கு அண்ணி பட்ட சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. மாட்டிக்கொண்டு தெருவில் ஒரு நடை போய் வந்தார். காய்க்காரர், இஸ்திரிக்காரர், பிள்ளைகளை விட வருகிற தாய்மார்கள், ஒருவரை விடவில்லை. தலையைச் சாய்த்துக் காதைக் காட்டி, "உள்ள இருக்கிறது தெரியுதா? தெரியாது. என் தம்பி செஞ்சது" என்பார். பழைய கருவியைத் துடைத்து ஒரு டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

அதன் பிறகுதான் எல்லாம் கெட்டது, மெல்ல மெல்ல.

அண்ணி அடிக்கடி "என்ன?" என்று கேட்க ஆரம்பித்தார். வாக்கியத்தின் கடைசி வார்த்தை அவருக்கு விழவில்லை. பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. இவருக்குப் பொறுமை கிடையாது என்று சொன்னேன் அல்லவா. "அக்கா, ஒழுங்கா மாட்டுக்கா. காதுக்குள்ள சரியா உக்காரலன்னா அது என்ன பண்ணும்?" என்பார். இன்னொரு நாள், "இவ்வளவு நல்ல கருவி குடுத்தும் கவனிக்கலன்னா எப்படி?" என்றார். முன்பெல்லாம் அக்காவுக்கு எதிரே வந்து முகம் பார்த்துப் பேசுகிறவர், புதுக் கருவி வந்ததிலிருந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டே பேசினார். அதான் கருவி இருக்கிறதே.

நானும் சளைத்தவள் இல்லை. அண்ணி "என்ன?" என்று கேட்டால், முதல் தடவை திருப்பிச் சொல்வேன். இரண்டாவது தடவை, "ஒண்ணுமில்ல அண்ணி, விடுங்க" என்றுவிடுவேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு கோடுதான்.

அண்ணி எங்களைக் குற்றம் சொல்லவில்லை. தன் காது இருந்த கொஞ்சமும் போய்க்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். என்னிடம் ஒரு நாள், "தம்பி இவ்வளவு நல்லதா செஞ்சு குடுத்திருக்கான், அதுலயும் கேக்கலன்னா என் காதுல இனிமே ஒண்ணும் இல்லம்மா" என்றார். நான், வயதாகிறதல்லவா என்று ஏதோ சமாதானம் சொன்னேன்.

எதிர் வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். புருஷன் வெளியூரில் வேலை. கைக்குழந்தையை அண்ணியிடம் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். ஒரு நாள் மதியம் அவள் சீக்கிரம் திரும்பி வந்தபோது, குழந்தை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சரிந்து மாட்டிக்கொண்டு கிடந்தது. முகம் கட்டில் துணியில் அழுந்தியிருந்ததால் வாய்விட்டு அழ முடியவில்லை, முனகல் மட்டும்தான். அதே அறையில், நாலடி தள்ளி, அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் ஏதோ பாட்டு வேறு.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. தோளில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் பெற்றவள் சும்மா இருப்பாளா? வாசலில் நின்று கத்தினாள். "காது கேக்காதவங்க எதுக்குப் பிள்ளைங்களைப் பாத்துக்கணும்? என் பிள்ளை மூச்சு முட்டிச் செத்திருந்தா யாருங்க பதில் சொல்றது?" தெருவே கூடிவிட்டது; மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்த நானும் அங்கே இருந்தேன். அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. கையில் மடித்த துணியைப் பிடித்தபடியே நின்றார்.

விடுமுறை போட்டு வீட்டிலிருந்த என் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். அக்காவுக்காக இரண்டு வார்த்தை பேசுவார் என்று நினைத்தேன். பேசினார்.

"சிஸ்டர், மன்னிச்சிடுங்க. அக்கா சார்பா நான் மன்னிப்பு கேக்கிறேன். கருவியில குறை ஒண்ணும் இல்ல, ரொம்ப நல்ல கருவி. இவங்கதான் கவனமா இல்ல."

எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னார். தன் சில்லுக்கு வக்காலத்து வாங்கினார். அண்ணிக்கு அது முழுக்கக் கேட்டிருக்கும், ஏனென்றால் அதைச் சத்தமாகத்தான் சொன்னார்.

அந்த வாரத்துக்குள் மற்ற தாய்மார்களும் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். ஒருத்தி, அம்மா வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னாள். இன்னொருத்தி ஒன்றும் சொல்லாமல் வராமல் இருந்துவிட்டாள். அண்ணி பாய்களை வெயிலில் போட்டு எடுத்துச் சுருட்டிக் கட்டினார். கரண்டிகளைக் கழுவி என் சமையலறைக்கே கொண்டுவந்து வைத்தார். கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டார்.

அடுத்த விடுமுறை நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணி தன்போக்கில், யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

"முன்னல்லாம் சத்தம் தூரமாப் போகும்போது கொஞ்சம் கொஞ்சமா மங்கும். இப்ப மங்கறதே இல்ல. இருக்கு, இருக்கு, பட்டுனு இல்ல. யாரோ கதவைச் சாத்தின மாதிரி. காது செத்துப் போறது இப்படித்தான் இருக்கும் போல."

வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது என் வீட்டுக்காரருக்கு. என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், எழுந்து போய்க் கை கழுவினார். தட்டில் கடைசி வாய் மட்டும் இல்லை, முக்கால் சாப்பாடும் அப்படியே இருந்தது.

"அக்கா, கீழ வா" என்றார். "அந்தப் பழைய கருவியும் எடுத்துக்கோ."

நானும் பின்னால் போனேன். அன்று நான் பார்த்த காட்சியை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. அக்காவைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்தார். "கேக்கிற வரைக்கும் கையைத் தூக்கி வெச்சுக்கோ. கேக்கலன்னா இறக்கிடு." பிறகு, தலை நரைக்க ஆரம்பித்த அந்த மனுஷர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தன் தொந்தியைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்து, குழந்தை மாதிரி அழுதார். முதலில் பெரிதாக, அப்புறம் சின்னதாக, அப்புறம் முனகலாக.

புதுக் கருவியோடு அண்ணியின் கை உயர்ந்தே இருந்தது. அழுகை முனகலாக மாறிய இடத்தில் கை தொப்பென்று விழுந்தது. மறுபடி செய்தார். அதே இடத்தில் விழுந்தது. எத்தனை தடவை செய்தாலும் அதே இடம், கோடு கிழித்த மாதிரி.

பழைய கருவியை மாட்டச் சொன்னார். அது ஒரு விசில் அடித்துவிட்டு வேலைக்கு வந்தது. இவர் முனகினார். கை இறங்கவில்லை. இன்னும் மெதுவாக முனகினார். எனக்கே கேட்கவில்லை. அண்ணியின் கை கொஞ்சம் தாழ்ந்தது, யோசித்தது, ஆனால் விழவில்லை.

"என்னடா விளையாட்டு இது?" என்று அண்ணி திரும்பினார். இவர் கட்டிலுக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லக்கா" என்றார். எங்கள் வீட்டு வழக்கமான பதில்.

மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொன்னார். மைக்கில் வருகிற சத்தம் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது, அதில் அவர் சொன்னது சரிதான். ஆனால் கருவி அந்தச் சத்தத்தை அப்படியே பெரிதாக்குவதில்லை. முதலில் கட்டையான ஒலி, கீச்சென்ற ஒலி என்று பிரிக்கும். பிரிப்பதற்குச் சின்னச் சின்ன எண்களால் பெருக்கும். சின்ன எண்ணைச் சின்ன எண்ணால் பெருக்கினால் இன்னும் சின்னதாகிறது, கோட்டுக்குக் கீழே போகிறது, பூஜ்யமாகிறது. அதற்குப் பிறகுதான் பெரிதாக்குகிற வேலை. ஆயிரத்தால் பெருக்கினாலும் பூஜ்யம் பூஜ்யம்தானே.

"வாசலைப் பாத்தேன், நடுக்கூடத்தைப் பாக்கல" என்றார். "குருட்டாம்போக்குல எடுத்த எண்ணுங்க ஒண்ணுகூட அந்த இடத்துல போய் விழல. குழந்தை முனகல் நேரா அங்கதான் போய் விழுது."

சோதனைக்காரம்மாவிடம் போய்ச் சொன்னாராம். அந்த அம்மா குத்திக்காட்டவில்லை. "நான் அன்னிக்கு இன்னொரு தடவை கேட்டிருக்கணும் சார். எல்லாரும் சிரிச்சதும் எனக்கு வெக்கமாப் போச்சு" என்றிருக்கிறார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றார் இவர். இருவருமாகச் சேர்ந்து மேலிடத்துக்குச் சொன்னார்கள். சில்லை மாற்ற வேண்டியதில்லை, பிரிப்பதற்கு முன்னாலேயே சத்தத்தைப் பெரிதாக்கிக்கொண்டால் எண்கள் கோட்டுக்கு மேலேயே நிற்கும், கருவியை ஓட்டுகிற நிரலில் திருத்தினால் போதும் என்று தெரிந்தது. கருவி செய்கிறவர்களுக்கும் தகவல் போயிற்று. வேலையைப் பொறுத்தவரை எல்லாம் முறையாக நடந்தது. அந்தக் கண்ணாடிக் கேடயத்தை மட்டும் அவரே எடுத்துக் எங்கள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

வீட்டில்தான் ஒன்றும் நடக்கவில்லை. அக்காவிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. காலையில் அக்கா எழுவதற்கு முன்னால் கிளம்புவார். மாலையில் கீழ் அறையைத் தாண்டும்போது, பெற்றவளிடம் அடி வாங்கிய பையன் மாதிரி ஒதுங்கிப் போவார். "பழைய கருவியே மாட்டிக்கோக்கா, புதுசுல ஒரு சின்ன வேலை இருக்கு" என்று மட்டும் சொல்லிவைத்தார்.

"சின்ன வேலையா?" என்றேன் நான். "எய்தவன் நீங்க. அம்பைத் தெருவுல நிறுத்திப் பழி போட்டீங்க. இப்பவும் அவங்க தன் காதைத்தான் குறை சொல்லிக்கிட்டுத் திரியறாங்க. கட்டிலைக் கேட்டு நாளைக்கு ஆள் வருது, தெரியுமா?"

அவர் கூனிக் குறுகி நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? அவரைத் திட்டிவிட்டு அடுக்களைக்குள் போன எனக்கு, அண்ணி கழுவிக் கொண்டுவந்து வைத்த கரண்டிகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணி தலைக்குக் குளித்துவிட்டுப் பின்கட்டுப் படியில் முடியை உலர்த்திக்கொண்டிருந்தார். கருவி இரண்டும் பக்கத்தில் டப்பாவில். இவர் அதைக் கவனித்துவிட்டுத்தான் போனார் என்று நான் சத்தியம் செய்வேன். அக்கா காதில் ஒன்றும் இல்லாத நேரமாகப் பார்த்து, கீழ்ப்படியில் உட்கார்ந்தார். நான் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன்.

ரொம்ப மெதுவான குரலில் சொல்ல ஆரம்பித்தார். கோடு கிழித்ததை, கூட்டத்தில் எறும்புக் கதை சொன்னதை, கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்து கண்டுபிடித்ததை. "உன் காதுல ஒண்ணும் இல்லக்கா. அது அப்படியேதான் இருக்கு. நான்தான் சத்தத்தை எடுத்துப் பூஜ்யமாக்கிட்டேன். தெரு முன்னாடி உன்னை... எனக்கு வெக்கமா இருக்குக்கா. உன் மூஞ்சியைப் பாக்க முடியல." சொல்லி முடித்துவிட்டு, பாரம் இறங்கிய மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். சொல்லியும் ஆயிற்று, அக்காவுக்குக் கேட்கவும் இல்லை. அவருடைய குறுக்குவழிகளிலேயே மோசமான குறுக்குவழி அதுதான்.

அண்ணி ஈர முடியை ஒதுக்கிக்கொண்டு அவரையே பார்த்தார்.

"டேய், காதுல மெஷின் இல்லாதப்பதான்டா நான் உன் வாயைப் பாப்பேன். சின்ன வயசுலேர்ந்து நாம அப்படித்தானே பேசிக்கிட்டிருந்தோம்? அதுவும் மறந்து போச்சா?"

இவர் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நானும்தான்.

"மெஷின் தப்பு பண்ணும், போகுது. நீயும் வேணும்னு செய்யல" என்றார் அண்ணி. "காது போயிடுச்சுன்னு நெனச்சு நான் எத்தனை நாள் அழுதேன்னு உனக்குத் தெரியாது. அதுகூடப் போகட்டும். ஆனா அந்தப் பொண்ணுகிட்ட, இவங்கதான் கவனமா இல்லன்னு சொன்னியே, அது மெஷினா சொல்லுச்சு?"

"இல்லக்கா."

"அங்க வந்து சொல்லு. என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? என் பேரு அங்கல்ல கெட்டுப் போச்சு."

எழுந்து முடியைக் கொண்டை போட்டார். டப்பாவைத் திறந்தார். பழைய கருவியை எடுப்பார் என்று நினைத்தேன். புதியதை எடுத்துக் காதுக்குள் வைத்தார்.

"அண்ணி, அது இன்னும் சரி பண்ணலியே" என்றேன் ஜன்னல் வழியாக.

"இருக்கட்டும். இவன் செஞ்சதுதானே. இவன் பேசறது இதுல கேக்கட்டும்."

மூன்று பேரும் தெருவைக் கடந்தோம். இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார். நர்ஸ் கதவைத் திறந்தாள், இடுப்பில் குழந்தை. அண்ணியைப் பார்த்ததும் அது காலை உதைத்துக்கொண்டு கையை நீட்டியது. பெற்றவள் சட்டென்று குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அண்ணி நீட்டப்போன கையை மடக்கிக்கொண்டார். அதை இவர் பார்த்தார். பார்க்க வேண்டியதுதான்.

"சிஸ்டர்" என்று ஆரம்பித்தார். "அன்னிக்கு நான் சொன்னது..." அதற்கு மேல் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. கருவி, சில்லு, கவனக்குறைவு என்று என் காதுக்கே துண்டு துண்டாகத்தான் விழுந்தது. தலை தொங்கி, தாடை நெஞ்சில் இடித்தது. பின்னால் நின்ற அண்ணிக்கு அவர் வாயும் தெரியாது.

"கேக்கல" என்றார் அண்ணி.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். பாதி வந்தது, பாதி உள்ளேயே போயிற்று.

"கேக்கலடா. சத்தமா சொல்லு."

இஸ்திரிக்காரர் படியிறங்கி வந்துவிட்டார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. பிள்ளையை அம்மா வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னாளே, அவளும் பிள்ளையைக் கையில் பிடித்தபடி அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். காது மடல் வரை சிவந்திருந்தது. நான் எனக்குத் தெரியாமலே அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"தப்பு என்னுது!" என்றார். தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "அக்கா கவனமாத்தான் இருந்தாங்க. அவங்க காதுல ஒரு குறையும் புதுசா வரல. குழந்தை முனகினது அவங்களுக்குக் கேக்காம செஞ்சது நான் செஞ்ச மெஷின். அது தெரியாம நான் அவங்க மேல பழியைப் போட்டேன்."

நர்ஸ் அண்ணியைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். குழந்தை இன்னும் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தது. அவள் அதை மறுபடி இந்தப் பக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

அண்ணி, காதில் இருந்த கருவியை விரலால் ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்பக் கேக்குது" என்றார்.